மூன்று பெயர், ஒரே இளவரசர்

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம். காமகுராவில் ஓர் இளவரசரைச் சிறை வைத்த குகை இருப்பதாகப் படித்தேன். ஒரு கையேட்டில் அவர் பெயர் மொரியோஷி, இன்னொன்றில் மொரினாகா. அங்கே இறங்க வேண்டிய பஸ் நிறுத்தமோ தைத்தோநோமியா. இவர்கள் வெவ்வேறு ஆட்களா? அரை நாள் ஒதுக்கலாமா?

பதில்: ஒரே ஆள்தான். பேரரசர் கோ-தைகோவின் மகன், 1308-ல் பிறந்தவர். அவர் பெயரை எழுதும் சீன எழுத்துகளில் இரண்டாவதை 'யோஷி' என்றும் படிக்கலாம், 'நாகா' என்றும் படிக்கலாம். பழைய புத்தகங்களில் பெரும்பாலும் நாகா. இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் யோஷி என்கிறார்கள். அவருடைய சகோதரர்கள் பலர் பெயரிலும் இதே எழுத்து உண்டு, இதே குழப்பமும் உண்டு. தைத்தோநோமியா என்பது பட்டப்பெயர். 'பெரிய கோபுரத்து இளவரசர்' என்று பொருள். கியோத்தோவில் ஹொஷ்ஷோஜி கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் வசித்ததால் வந்தது.

அரியணைக்கு வர வாய்ப்பில்லாத இளவரசர்களைச் சிறு வயதிலேயே மடத்தில் சேர்ப்பது அந்தக் கால வழக்கம். இவரும் துறவியாகி, 1327-ல், 20 வயதுகூட ஆகாதபோது, ஹியேய் மலையின் தெந்தாய் பௌத்தத் தலைமைக்கு வந்துவிட்டார். காமகுரா ராணுவ அரசை வீழ்த்தத் தந்தை முயன்றதும் காவியைக் களைந்து வாளெடுத்தார். 1332-ல் தந்தை ஓக்கி தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்த நாட்களில் கிளர்ச்சி அணையாமல் காத்தவர்களில் இந்த மகன் முக்கியமானவர். மலைகளில் ஒளிந்துகொண்டே, போருக்கு வரச்சொல்லி வீரர்களுக்கு ஆணை அனுப்பிக்கொண்டிருந்தார்.

1333-ல் காமகுரா அரசு விழுந்தது; இளவரசர் ஷோகன், அதாவது ராணுவத் தலைவர், ஆனார். ஆனால் பதவி சில மாதம்கூட நிலைக்கவில்லை. காமகுரா அரசைக் கைவிட்டுத் தந்தையின் பக்கம் வந்த தளபதி அஷிகாகா தகாவுஜியை அவர் நம்பவே இல்லை. தகாவுஜிதான் பின்னாளில் கோ-தைகோவுக்கு எதிராகத் திரும்பியவர் என்பதை நினைத்தால், மகனின் கணிப்பு சரியாகவே இருந்தது. தந்தையோ 1334-ல் மகனைக் கைது செய்யவைத்து, தகாவுஜியின் தம்பி ததாயோஷியிடம் காமகுராவுக்கு அனுப்பிவிட்டார். தகாவுஜியைவிடத் தந்தை மீதே தனக்கு அதிக மனத்தாங்கல் என்று இளவரசர் முணுமுணுத்ததாக ஒரு பழைய வரலாற்று நூல் சொல்கிறது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் கனத்துவிடும். 1335-ல் பகைவர் படை காமகுராவை நெருங்கியபோது, ஊரைவிட்டு ஓடுமுன் ததாயோஷி அவரைக் கொல்லச் சொன்னார். அப்போது வயது 27 இருக்கும்.

அவர் அடைபட்டிருந்த தோகோஜி கோயில் இருந்த இடத்தில்தான் 1869-ல் பேரரசர் மெய்ஜியின் ஆணைப்படி காமகுரா-கூ ஆலயம் எழுந்தது. குகை அதன் பின்புறம் இருக்கிறது. உள்ளே நுழைய முடியாது. சிறு கட்டணம் செலுத்தி வெளியிலிருந்து பார்க்கலாம். அவரை வைத்திருந்தது குகையிலா, காவலிட்ட அறையிலா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அறை என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அதனால் குகையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அதே வளாகத்தில் முராகாமி யோஷிதெருவின் சிறு சன்னிதி இருக்கிறது. 1333-ல் இளவரசர் தங்கிப் போரிட்ட யோஷினோ மலை அரண் வீழ்ந்தபோது, 'நான்தான் இளவரசன்' என்று கூவித் தன் உயிரைக் கொடுத்து அவரைத் தப்பவைத்தவர் இவர். குழந்தைகளுக்கு அந்தக் கதையை அங்கே நின்று சொல்லுங்கள்.

அரை நாள் தாராளமாக ஒதுக்கலாம். காமகுரா ரயில் நிலையத்திலிருந்து பஸ்ஸில் ஏறினால் கடைசி நிறுத்தம் இதுதான். இளவரசரின் கல்லறை அங்கிருந்து நடக்கும் தூரத்தில், செங்குத்தான கற்படிகளுக்கு மேலே இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே நின்று வணங்கிவிடலாம். திரும்பும்போது பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வாருங்கள். வழியில் முதல் காமகுரா ஷோகன் யோரிதோமோவின் கல்லறையையும் பார்த்துவிடலாம்.