கை வேகமா, கணக்கா?

கேள்வி: ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ என்ற கணினிப் போர் விளையாட்டை ஆடும் என் மகன், நிமிடத்துக்கு 300 செயல்களாவது (சொடுக்குகள், விசைத் தட்டல்கள்) செய்தால்தான் வெல்ல முடியும் என்கிறான். வேகம்தான் திறமையா?
– வாசகி, மன்னார்குடி.

பதில்: இல்லை, ஆனால் அவன் சொல்வதை முழுவதும் தள்ளவும் முடியாது. சதுரங்கத்தில் எதிராளி நாம் நகர்த்தும்வரை காத்திருப்பார், இங்கே அப்படிக் காத்திருப்பதில்லை என்பதால், படையை நகர்த்தும்போதே பின்னால் தொழிலாளர்களையும் கட்டடங்களையும் கவனிக்கக் கை ஓடியே ஆக வேண்டும். இருந்தாலும், ஒரே இடத்தை ஐந்து முறை சொடுக்கினால் எண்ணிக்கைதான் ஏறும், படை ஒரு முறைதான் நகரும். 2019 ஜனவரியில் வெளியான ஆட்டங்களில், டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸ்டார் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் நிமிடத்துக்குச் சராசரியாகச் சுமார் 280 செயல்களோடு, 390 அளவில் ஆடிய தொழில்முறை வீரர் மானாவை 5-0 என வென்றது. (சண்டையின் உச்சத்தில் அது மனிதக் கைக்கு எட்டாத வேகம் காட்டியது என்ற குறையும் நியாயமானதே.) உங்கள் ஊர் நடவில், கை எவ்வளவு விரைந்தாலும் நாற்றை ஆழ ஊன்றிவிட்டால் தூர் குறைந்துவிடுகிறது அல்லவா? மகன் தோற்ற ஆட்டத்தின் பதிவை அவனோடு அமர்ந்து பாருங்கள். படையும் கட்டடமும் உருவாக்கச் செலவிட வேண்டிய கனிமம் செலவாகாமல் 1000-க்கு மேல் குவிந்து கிடக்கும் நேரத்தில் அவன் விரல்கள் எதைத் தட்டிக்கொண்டிருந்தன என்று கேளுங்கள்.