ஹேங்கர் கதவு திறக்கும் நேரத்துக்குப் போங்கள்

தம்பி, பிரான்சில் மோ நகரத்துப் பக்கம் வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, சனி ஞாயிறு என்றால் சமைப்பதும் தூங்குவதும்தான், வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு புல் ஓடுபாதையில் குட்டி விமானங்கள் ஏறி இறங்குவதைப் பார்க்கிறேன், அந்த யூ.எல்.எம் (மிக இலகு ரக விமானம்) கிளப்பில் நம் ஆட்களைச் சேர்ப்பார்களா, செலவு எவ்வளவு, பிரெஞ்சு அரைகுறைதான் என்று கேட்டிருந்தீர்கள். நான் காரைக்கால் பக்கத்து விவசாயக் குடும்பம். மோ நகரம் இருக்கும் இந்த சென்-எ-மார்ன் மாவட்டத்துக்கு வந்து 19 வருடம், அதில் 11 வருடமாக இப்படி ஒரு கிளப்பில்தான் இருக்கிறேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் காகித விஷயம். குடியுரிமை வேண்டியதில்லை. உடல்நிலைக்குக் குடும்ப மருத்துவர் தரும் சான்றிதழ் போதும், விமானிகளுக்கென்று இருக்கும் மருத்துவரைத் தேடிப் போக வேண்டாம். எழுத்துத் தேர்வு சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை, கார் உரிமத் தேர்வு மாதிரி, ஆனால் பிரெஞ்சில்தான். இத்தனை மணி நேரம் பறந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, ஆசிரியருக்கு நம்பிக்கை வரும்வரை. எனக்கு 30 மணி நேரத்துக்கு மேல் ஆனது. எங்கள் கிளப்பில் ஆசிரியரோடு ஒரு மணி நேரத்துக்கு 130 யூரோ, ஆண்டுச் சந்தாவும் காப்பீடும் தனி. மாதம் இரண்டு முறை பறந்தால் சம்பளக்காரர் தாங்கலாம், அவசரப்பட்டால் கஷ்டம். உரிமம் வாங்கிய உடனே மனைவியை ஏற்றிக்கொண்டு போக முடியாது. அதற்கு ஆசிரியர் தனியாகப் பார்த்து அனுமதி தர வேண்டும்.

சரி, நீங்கள் கேட்காத ஒன்றுதான் முக்கியம். கிளப் என்பது காசு கொடுத்துப் பறந்துவிட்டு வருகிற இடம் இல்லை. பெரும்பாலானவை 1901 ஆம் வருடச் சட்டப்படி நடக்கும், லாப நோக்கில்லாத சங்கங்கள், வேலைக்கு ஆள் வைப்பதில்லை. புல் வெட்டுவது, விமானம் நிறுத்தும் கொட்டகையான ஹேங்கரின் கதவுக்கு எண்ணெய் போடுவது, கழிப்பறை கழுவுவது எல்லாம் உறுப்பினர்கள்தான். நான் முதல் நான்கு மாதம் இது தெரியாமல், பாடம் முடிந்ததும் கைகொடுத்துவிட்டுக் காருக்குப் போய்விடுவேன். யாரும் என்னிடம் பேசவில்லை, நிறத்தைப் பார்த்துத்தான் ஒதுக்குகிறார்கள் என்றே நினைத்து வீட்டில் வந்து புலம்பியிருக்கிறேன். ஒரு மழை நாளில் பாடம் ரத்தானது, பேருந்து இல்லை, காரும் பழுது, வேறு வழியில்லாமல் ஹேங்கரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவர் ஈரத்துணி ஒன்றைக் கையில் கொடுத்து, இறக்கையின் முன்விளிம்பில் ஒட்டிக் காய்ந்திருந்த பூச்சிகளைத் துடைக்கச் சொன்னார். காய்ந்துவிட்டால் சுரண்டக் கூடாது, துணியை நனைத்து ஐந்து நிமிடம் மேலே போட்டு வைத்து ஊறிய பிறகுதான் துடைக்க வேண்டும். அன்று மாலைக்குள் எட்டுப் பேர் பெயர் தெரிந்துவிட்டது. என் பிரெஞ்சு வளர்ந்ததும் அங்கேதான், வகுப்பில் இல்லை.

இன்னொன்று, அங்கே எல்லாரும் எல்லாரையும் 'து' போட்டுத்தான் பேசுவார்கள், அதாவது நீ, வா, போ. ஆசிரியருக்கு 70 வயது, எனக்கு வாய் வரவில்லை, ஒரு வருடம் 'வூ' என்றே மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரே, "என்மேல் ஏதாவது கோபமா?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் மரியாதை அங்கே விலகி நிற்பதாகத் தெரிகிறது, தம்பி. போனதும் ஒவ்வொருவரிடமும் கைகொடுத்து வணக்கம் சொல்லுங்கள், யாரையும் விடாதீர்கள். ஒருவர் முகம் கொடுக்காமல் போகலாம், எங்கள் கிளப்பிலும் ஒருவர் இருந்தார், நான் அதைச் சுமந்துகொண்டிருக்கவில்லை.

இந்த உழைப்பை வெறும் ஒத்தாசை என்று நினைக்க வேண்டாம். இங்கே யூ.எல்.எம் விமானம் பறக்கும் நிலையில் இருக்கிறது என்று உறுதி சொல்வது அதன் உரிமையாளர்தான். வருடா வருடம் அரசு ஆள் வந்து சோதிப்பதில்லை. அதனால் நம் கண்தான் காவல். எங்கள் விமானத்தில் ரோட்டாக்ஸ் 912 எஞ்சின். காலையில் எண்ணெய் பார்க்க வேண்டுமென்றால் முதலில் சுவிட்சுகள் அணைந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, புரொபெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றுவோம். பத்து சுற்று, பதினைந்து சுற்று, எஞ்சினுக்குள் தங்கிய எண்ணெய் தொட்டிக்குத் திரும்பி, கடைசியில் குடத்தில் தண்ணீர் மொள்ளும்போது வருகிற மாதிரி 'குளுக்' என்று ஒரு சத்தம் வரும். அது வந்த பிறகுதான் அளவுகோலை எடுத்துப் பார்க்க வேண்டும். முன்னாலேயே பார்த்தால் எண்ணெய் குறைவாகத் தெரியும், தேவையில்லாமல் ஊற்றிவிடுவோம்.

பறப்பதைப் பற்றி ஒன்று மட்டும். மேலே பாரிஸின் சார்ல் தி கோல் விமான நிலையத்தின் வான்பரப்பு இருப்பதால் இந்தப் பக்கம் நாம் தாழ்வாகத்தான் பறக்க வேண்டும், கீழே கிராமங்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், சத்தத்துக்குப் புகார் வந்தால் ஓடுபாதையே போய்விடும். அப்படிப் போகும்போது ஆசிரியர் திடீரென்று எஞ்சின் வேகத்தை முழுவதும் குறைத்துவிட்டு, "எங்கே இறங்குவாய்?" என்பார். வயலில் இறங்குவதை இவர்கள் 'மாடுகளிடம் போவது' என்று சொல்வார்கள். முதல் முறை அப்படிக் கேட்டபோது மற்ற மாணவர்கள் தடுமாறும் இடத்தில் எனக்கு ஊர் ஞாபகம் கைகொடுத்தது. மஞ்சளாகப் பூத்து நிற்கிற கோல்சா, நம் கடுகுக்கு உறவு, பார்க்க மெத்தை மாதிரி இருக்கும், ஆனால் இடுப்பு உயரம், சக்கரம் சிக்கிக் குப்புறக் கவிழ்த்துவிடும். அறுத்த தாள் நிற்கிற கோதுமை வயல் நல்லது. உழுத வயல்தான் என்றால் சால் ஓடுகிற திசையிலேயே இறங்க வேண்டும், குறுக்கே இறங்கினால் முன்சக்கரம் ஒடியும். நான் தாள் வயலைக் காட்டி, சால் எப்படி ஓடுகிறது என்றும் சொன்னேன். அவர் திரும்பி என்னைப் பார்த்து, அப்பா விவசாயியா என்று கேட்டார். அப்பா இறந்து அப்போது ஆறு மாதம்.

அப்புறம், வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்கு முன்னால் போங்கள், கதவு திறந்து விமானங்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளும் நேரம் அது, கை தேவைப்படும். சேர்கிறேன் என்று உடனே சொல்ல வேண்டாம், ஒரு விமானத்தைத் தள்ளிக் கொடுங்கள், எங்கே பிடித்துத் தள்ளலாம் என்று கேட்டுவிட்டு. புல்லில் பனி ஈரம் இருக்கும், நல்ல பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். காற்று பலமாக அடித்தால் பறக்க மாட்டார்கள், அன்றைக்கு இன்னும் நல்லது, காப்பி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். போய்விட்டு வந்து எழுதுங்கள், எந்த ஓடுபாதை என்று தெரிந்தால் ஒரு நாள் நானே அங்கே வந்து இறங்குகிறேன்.