வலிப்பும் மலைப்பாதையும்

அன்புள்ள டாக்டருக்கு,

பூம்பாறையில் பூண்டு விவசாயம் செய்கிறோம். போன மாதம் எங்கள் இரண்டு வயது மகனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்து, கொடைக்கானலில் ஊசி போடும்வரை நாற்பது நிமிடம் நிற்கவே இல்லை. அம்மா பூண்டை நசுக்கி மூக்கில் காட்டினார்; நான் கையில் சாவியைத் திணித்தேன். முதுகில் நீர் எடுத்துப் பார்த்து, மூளைக்காய்ச்சல் இல்லை என்றார்கள். இப்போது ஓடியாடி விளையாடுகிறான். ஆனால் மூளை மந்தமாகிவிடும் என்கிறார்கள் உறவினர்கள். என் தாமதத்தால் பிள்ளையைக் கெடுத்துவிட்டேனா?

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. நீண்ட வலிப்புக்குப் பின் குழந்தை எப்படியிருக்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது அதன் காரணம்தான். மூளைக்காய்ச்சல், தலையில் அடி, பிறக்கும்போது நேர்ந்த மூச்சுத்திணறல் ஆகியவற்றால் வரும் வலிப்பின் விளைவுகள் கடுமையாக இருக்கக்கூடும். ரத்தத்தில் சர்க்கரையோ சோடியமோ குறைந்தாலும், வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினாலும்கூட வலிப்பு நீளும். வெறும் காய்ச்சலால் வந்ததென்றால், பெரும்பாலான குழந்தைகள் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள்.

இருந்தாலும் ஒன்றை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை. சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2015-இல் வகுத்த வரையறைப்படி, கைகால் வெட்டியிழுக்கும் வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் சிகிச்சை தொடங்க வேண்டும். 30 நிமிடத்தைத் தாண்டினால் நீண்டகாலப் பாதிப்புக்கு இடமுண்டு. சில குழந்தைகளுக்கு நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் பகுதி வீங்கிப் பின்னர் தழும்பாகலாம், காய்ச்சலில்லாத வலிப்புநோயும் பின்னாளில் வரலாம். ஆகவே அவன் பேச்சையும் நடையையும் குழந்தை மருத்துவரிடம் அவ்வப்போது காட்டி வாருங்கள்.

காலம் ஏன் முக்கியம் என்றால், வலிப்பு நீளநீள, மூளையின் கொந்தளிப்பை அடக்கும் காபா என்னும் வேதிப்பொருளை ஏற்கும் வாயில்கள் நரம்பணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்படுகின்றன. அதே வாயில்கள் வழியே வேலை செய்யும் மிடசோலம் போன்ற, வலிப்பை நிறுத்தும் மருந்துகளின் வீரியமும் அதனால் குறைந்துகொண்டே போகிறது. அந்த நிமிடங்களைத்தான் நம் மலைப்பாதையின் வளைவுகள் தின்றுவிடுகின்றன.

காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது திரும்பவும் வருகிறது. அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள்; பதறிய பாட்டியின் கை எட்டியதை எடுத்தது. இனி பூண்டும் சாவியும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்ப்ரேயை, அவன் எடைக்கு எத்தனை முறை என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி வீட்டிலேயே வைத்திருங்கள். 5 நிமிடமானதும் அதை அடித்துவிட்டு 108-ஐ அழையுங்கள். வலிப்பு நின்றுவிட்டாலும், மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.