வாசகர் கேள்வி–பதில்: எபிதீலியத் திசு

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் தட்டை, கனசதுரம், தூண், குறு இழை, சுரப்பி என எபிதீலியத் திசுவின் வகைகளை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். உடலின் பரப்புகளை மூடுவதுதான் இத்திசுவின் வேலை என்றால், ஒரே வகை போதாதா? – வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: மூடுவது மட்டுமே வேலையாக இருந்தால் போதும்தான். ஆனால் இத்திசு மூடியிருக்கும் இடங்களில் சில, எதையும் உள்ளே விடக் கூடாதவை. வேறு சில, விட்டே ஆக வேண்டியவை. நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் ஆக்சிஜன் தானாகவே ஊடுருவி இரத்தத்தை அடைய வேண்டும் என்பதால், அங்கே தட்டை எபிதீலியம் ஒரே வரிசையாக, மிக மெல்லியதாகப் பரவியிருக்கிறது. காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள மொத்தத் தடுப்பும் பெரும்பாலான இடங்களில் ஒரு மைக்ரோமீட்டர் தடிமன்கூட இராது.

சிறுநீரகத்தின் கதை வேறு. அங்கே நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மம் வடிகட்டப்படுகிறது; ஆனால் நாம் வெளியேற்றும் சிறுநீரோ ஒன்றிரண்டு லிட்டர்தான். மீதியை உடலுக்குள் திரும்ப இழுக்கும் வேலையில் பெரும்பங்கு நுண்குழல்களின் கனசதுரச் செல்களுடையது. இந்த வேலைக்கு ஆற்றல் வேண்டும். ஆற்றலுக்கு மைட்டோகாண்டிரியாக்கள் ஏராளமாக வேண்டும். அவற்றை வைத்துக்கொள்ளத் தட்டைச் செல்லில் இடம் ஏது?

சிறுகுடலின் தூண் எபிதீலியத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லத் தோன்றுகிறது. இச்செல்களின் மேல்முகப்பில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே கொண்டுசெல்லும் புரதம் ஒன்று உண்டு. இவை இரண்டும் நுழையும்போது நீரும் பின்தொடரும். காலரா கண்ட குடலிலும் இந்த வழி அடைபடுவதில்லை என்பதால்தான், உப்பு மட்டும் கலந்த நீரால் ஆகாததை உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசல் செய்து முடிக்கிறது. 1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலானபிஸ் இக்கரைசலைக் கொடுத்துப் பல உயிர்களைக் காத்தார். வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் இன்று நாம் வாங்கும் ஓஆர்எஸ் பொட்டலமும் அதே தூண் செல்களை நம்பித்தான் இருக்கிறது.

ஆகவே, வகையின் பெயரைப் படிக்கும்போது அது இருக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் உங்கள் மகள் சேர்த்துப் படிக்கட்டும். பட்டியல் தானாகவே நினைவில் நிற்கும்.

கேள்வி: சூடான காபி குடித்து நாக்குத் தோல் உரிந்தால் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடுகிறது; இரத்தமும் வருவதில்லை. கையில் பட்ட சூடு மட்டும் ஆற ஏன் அவ்வளவு நாளாகிறது? – வாசகர், காரைக்குடி

பதில்: இரண்டு இடங்களிலும் இருப்பது பல அடுக்குத் தட்டை எபிதீலியமே. தோலில் மேலடுக்குச் செல்கள் கெரட்டின் என்ற கடினமான புரதம் நிறைந்து, இறந்து, காய்ந்து கவசமாகின்றன. கன்னத்தின் உட்புறம் போன்ற வாயின் மென்மையான பகுதிகளில் அவ்வாறு ஆவதில்லை, பரப்பு ஈரமாகவே இருக்கிறது. அடியடுக்குச் செல்கள் வாயில் வேகமாகப் பெருகுவதாலும், உமிழ்நீர் புண்ணை உலர விடாததாலும் அங்கே விரைவில் ஆறுகிறது. மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ ஒரு மாதம் பிடிக்கும். ஆனால், கையில் பட்ட சூடு எவ்வளவு ஆழம் போனது என்பதையும் பார்க்க வேண்டும். எபிதீலியத்தைத் தாண்டி அடித்தோலைத் தொட்டுவிட்டால் ஒப்பீடே மாறிவிடும்.

இரத்தம் வராததற்குக் காரணம் எளிது. எபிதீலியத்துக்குள் இரத்தக் குழாய்களே இல்லை. எபிதீலியத்தைத் தாங்கும் மெல்லிய அடித்தளச் சவ்வுக்குக் கீழேயுள்ள இணைப்புத் திசுவிலிருந்துதான் அதற்கு உணவு ஊறி வருகிறது.

கேள்வி: எபிதீலியம் என்ற சொல்லின் பொருள் என்ன? – கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: கிரேக்க மொழியில் ‘எபி’ என்றால் மேல், ‘தீலி’ என்றால் முலைக்காம்பு. நெதர்லாந்து உடற்கூறியலாளர் பிரெடெரிக் ரூயிஷ், முலைக்காம்பை மூடியிருக்கும் மெல்லிய படலத்துக்கு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்த பெயர் இது. பிறகு எல்லாப் பரப்புகளுக்கும் அதுவே நிலைத்துவிட்டது.

கேள்வி: பல ஆண்டுகளாகப் பீடி பிடிக்கும் என் தந்தை, காலையில் எழுந்ததும் நெடுநேரம் இருமிச் சளியை வெளியேற்றுகிறார். சளி வெளியேறுவது நல்லதுதான் என்கிறார். உண்மையா? – வாசகி, குடியாத்தம்

பதில்: இருமாமலே சளி மேலேறும்படிதான் மூச்சுக்குழாய் அமைந்திருக்கிறது. அதன் உட்சுவரில் கோப்பை வடிவச் செல்கள் சளியைச் சுரந்து தூசியைப் பிடிக்க, பக்கத்துச் செல்களின் குறு இழைகள் ஓயாமல் அசைந்து அதைத் தொண்டைக்குத் தள்ளுகின்றன. நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். புகை இந்த இழைகளை முடக்கி, சளிச் சுரப்பையும் கூட்டுகிறது. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால், குறு இழைச் செல்கள் இருந்த இடத்தில் தோலைப் போன்ற பல அடுக்குத் தட்டைச் செல்கள் வந்துவிடும். அவை புகையைத் தாங்கும்; சளியை நகர்த்த அவற்றால் ஆகாது. இருமல் ஒன்றே வழியாகிவிடுகிறது. உங்கள் தந்தை நல்லது என்று கருதுவது இந்தக் கைமாற்றத்தைத்தான்.

புகையை நிறுத்தினால் இழைகள் படிப்படியாக மீள முடியும். தொடர்ந்தால், மாறிய இந்தத் திசுவிலேயே புற்று தோன்றக்கூடும். இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நம் நாட்டில் ஏற்கெனவே உள்ள நடைமுறை. சளியில் இரத்தம் தெரிந்தால் அந்த இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம்.