இராணுவத் திரில்லர் நாவல்களை எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

படிக்க ஆசை, ஆனால் ஆயுதப் பெயர்களும் தொழில்நுட்பச் சொற்களும் மிரட்டுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது வருடமாக ஹட்டனில் இருந்து இவற்றையே தேடித் தேடிப் படிப்பவன் நான்.

முதலில் அலிஸ்டர் மக்லீனின் 'எச்.எம்.எஸ். யுலிசிஸ்' (1955). இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தவர் எழுதியது. ஆர்க்டிக் கடலில் சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போகும் கதை. எதிரியைவிடக் குளிர்தான் ஆட்களை அதிகம் வாட்டும். டிசம்பர் பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படித்துப் பாருங்கள்!

அப்புறம் டாம் கிளான்சியின் 'த ஹன்ட் ஃபோர் ரெட் ஒக்டோபர்' (1984). அவர் இராணுவத்தில் இருந்ததே இல்லை, காப்புறுதி முகவர். ஆனாலும் நீர்மூழ்கியை அதன் சத்தத்தை வைத்தே அடையாளம் காணும் சோனார் வேலையை அவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறார். புரியாத சொல்லைத் தாண்டிப் போங்கள். சில அத்தியாயங்களில் தானாகவே பிடிபடும். எனக்கு அப்படித்தான் வந்தது.

துப்பாக்கிச் சண்டையைவிட, அரைகுறைத் தகவலோடு ஒரு அறையில் உட்கார்ந்து முடிவெடுக்கும் காட்சிகள்தான் எனக்கு உயிர். அப்படிப்பட்ட அறைகள் நம் பக்கத்திலேயே இருந்தன: 1944இல் பிரிட்டிஷ் தளபதி மவுண்ட்பேட்டன் தென்கிழக்கு ஆசிய நேசப்படைத் தலைமையகத்தைப் கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். பர்மாப் போருக்கான திட்டங்கள் அங்கே தீட்டப்பட்டன. இந்த நாவல்களைப் படித்த பிறகு அங்கே ஒருமுறை போய் நடந்து பாருங்கள்.