தெருப்பூனைக்கு என்ன நோய்?

கேள்வி: எங்கள் மாடிப்படிக்கு அடியில் ஓராண்டாக வந்துபோகும் தெருப்பூனை, மூன்று நாட்களாக வைத்த உணவை முகர்ந்து பார்த்துவிட்டு உண்ணாமலே நகர்ந்துவிடுகிறது. கத்துவதில்லை, காயமும் தெரியவில்லை. தொடவிடாத பூனைக்கு நோய் இருக்கிறதா என்று எப்படி அறிவது?

பதில்: வலித்தால் பூனை கத்தும் என்று நம்பியிருக்க வேண்டாம். பெரும்பாலும் அது முதுகைக் கூனி, கால்களை உடலுக்கடியில் ஒடுக்கிக்கொண்டு, கண்களைப் பாதி மூடியபடி அசையாமல் உட்கார்ந்துவிடும். நாமோ அது நிம்மதியாகத் தூங்குகிறது என்று எண்ணிக் கடந்துவிடுவோம்.

முகர்ந்துவிட்டு நகர்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் முக்கியமான தடயம். பசியே அற்றுப்போன பூனை பெரும்பாலும் தட்டின் அருகிலேயே வராது. வந்தும் உண்ணாவிட்டால், சளியால் மூக்கடைத்து உணவின் வாசனை தெரியாமல் இருக்கலாம், அல்லது ஈறோ பல்லோ புண்ணாகி மெல்ல முடியாமல் இருக்கலாம், அல்லது குமட்டலாக இருக்கலாம். எச்சில் வடிகிறதா, தலையை ஒருபுறம் சாய்த்து மென்று பாதியைக் கீழே விடுகிறதா, முன்னங்காலால் வாயைத் தேய்க்கிறதா என்று தொலைவிலிருந்தே கவனியுங்கள். வேறு வீட்டில் உண்டுவிட்டு வந்திருக்கவும் கூடும். ஆனால் வயிறு ஒட்டி இடுப்பெலும்பு துருத்தினால் அந்தச் சமாதானம் உதவாது. சில நாட்கள் ஒன்றும் உண்ணாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், இனியும் காத்திருக்க வேண்டாம்.

அடுத்து உடலின் மயிரைப் பாருங்கள். விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியை நக்கிச் சுத்தம் செய்வதில் கழிக்கும் பிராணி அதை நிறுத்தினால், முதுகின் பின்பகுதியில் மயிர் கற்றை கற்றையாகத் திரளும். கண்ணின் உள்மூலையிலிருந்து வெளிறிய சவ்வு ஏறி விழியை மறைப்பதும் நோயின் அடையாளம். உறங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-ஐத் தாண்டுவது தொடர்ந்தால் நல்லதல்ல. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஆண் பூனை மீண்டும் மீண்டும் குந்தியும் சிறுநீர் வராமல் தவித்தாலோ, அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். சிறுநீர் அடைப்பு ஓரிரு நாட்களிலேயே கொன்றுவிடும்.

காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். நமக்குச் சாதாரணமான அந்த மாத்திரை பூனைக்கு நஞ்சு. ஒன்றே போதும், உயிர் போய்விடலாம்.

வெறிநாய்க்கடி நோய் பூனைக்கும் வரும். ஒதுங்கியே இருந்த பூனை திடீரெனப் பாய்ந்து கடிக்க வந்தாலும், எச்சில் வடியத் தள்ளாடினாலும் அருகே செல்லாதீர்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

வெறும் கையால் பிடிக்க முயல வேண்டாம். வாசனை மிகுந்த உணவைக் கூண்டுக்குள் வைத்து அதை உள்ளே வரவழைப்பதே நல்லது. அதுவரை, அது தட்டருகே வந்து திரும்புவதைக் கைப்பேசியில் படம்பிடித்து கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் சொல்ல மறந்ததையும் அவர் அதில் கண்டுகொள்ளக்கூடும்.