கொடுத்தலைப் பற்றி வேதபாடம்: கடன்பட்டவர்கள் முன்னால் என்ன சொல்வது?

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "பெண்கள் ஐக்கிய சங்கத்தில் 'கிறிஸ்தவக் கொடுத்தல்' என்ற தலைப்பில் 45 நிமிடம் வேதபாடம் நடத்தும்படி சபைப் போதகரான ஐயர் சொல்லிவிட்டார். ஒத்தவாக்கியத்தை (ஒரே சொல் வரும் வசனங்களைத் தொகுத்த புத்தகம்) பார்த்தால் வசனங்கள் குவிகின்றன. எதை எடுப்பது, எதை விடுவது? வருகிறவர்களில் பாதிப்பேர் குழுக்கடன் கட்டுகிறவர்கள். 'கடன் இருக்கும்போதும் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒன்று) கொடுக்கணுமா அக்கா?' என்று கேட்டால் என்ன சொல்வது?"

சகோதரி, ஒத்தவாக்கியத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். தலைப்பு வாரியான பாடம் எதுவானாலும் முதலில் ஒரு கேள்வி வேண்டும். உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது: கையில் கொஞ்சமே உள்ளவர் எப்படிக் கொடுப்பது? அதையே நடுவில் வையுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத வசனம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம். தசமபாகக் கதைகளில் வரும் ஆபிரகாம், யாக்கோபு, மெல்கிசேதேக்கு எல்லாரையும் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

பாடத்துக்கு முதுகெலும்பு 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்கள். எருசலேமில் ஏழைகளாயிருந்த விசுவாசிகளுக்காகப் பவுல் பணம் திரட்டுகிறார். இரண்டு அதிகாரம் முழுக்கக் கொடுத்தலைப் பற்றியே பேசுகிறவர், பத்தில் ஒன்று என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே" என்கிறார் (8:12). "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்கிறார் (9:7). இதோடு உபாகமம் 14:22-29, மாற்கு 12:38-44 இரண்டையும் சேர்த்துக்கொண்டால் 45 நிமிடத்துக்குத் தாராளம். உபாகமத்தில், ஒரு குடும்பம் தன் தசமபாகத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் தானே புசித்துச் சந்தோஷப்படுகிறது. மூன்றாம் வருஷத்தில் அது ஆலய ஊழியனான லேவியனுக்கும் அந்நியனான பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போகிறது. விதவை அங்கே வாங்குகிறவள். இதைப் பலர் கேள்விப்பட்டே இருக்கமாட்டார்கள், நிதானமாக வாசிக்க வையுங்கள். மாற்குவிலும் 41ஆம் வசனத்தில் ஆரம்பிக்காதீர்கள். விதவை இரண்டு காசு போடுவதற்குச் சற்று முன்புதான், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை (வேதச் சட்டம் போதித்தவர்களை) இயேசு கண்டிக்கிறார்.

இனி எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் சுற்றும் ஆயத்தக் குறிப்புகளைத் தொடாதீர்கள். அவற்றில் 'தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள்' என்கிற மல்கியா 3:10 கட்டாயம் இருக்கும், கீழே ஒரு வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கும். மல்கியா சொல்லும் பண்டசாலை எருசலேம் ஆலயத்தில் தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் வைத்த அறை. யாரோ ஒருவருடைய ஊழியத்தின் கணக்கு அல்ல. அதே மல்கியா, குருடும் முடமுமான மிருகங்களைப் பலியிடும் ஆசாரியர்களை முதல் அதிகாரத்திலேயே பிடிக்கிறார். 3:5இல் கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கு விரோதமாகக் கர்த்தர் சாட்சியாக வருவார் என்கிறார். அதை எந்தக் குறிப்பும் எடுத்துப் போடுவதில்லை. 'விதைக் காணிக்கை போடு, நூறு மடங்காகத் திரும்பும்' என்று கூட்டத்துக்குக் கூட்டம் வந்து பொருத்தனைச் சீட்டு (இவ்வளவு தருவேன் என்ற வாக்குறுதி) நிரப்ப வைப்பவர்கள் இருக்கிறார்கள். நகையை அடகு வைத்து அந்தச் சீட்டைத் தீர்த்த பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் உங்கள் கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கலாம்.

அதனால் கடன் கேள்விக்கு நேரம் ஒதுக்குங்கள். 2 இராஜாக்கள் 4:1-7 வாசியுங்கள். கடன் கொடுத்தவன் ஒரு விதவையின் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்திருக்கிறான். அவள் வீட்டிலிருந்த கொஞ்சம் எண்ணெய் அற்புதமாகப் பெருகிய பிறகு தீர்க்கதரிசி எலிசா என்ன சொன்னார்? அதை விற்றுக் கடனைத் தீர், மீந்ததைக்கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள் என்றார். தனக்கென்று ஒரு பங்கும் கேட்கவில்லை. தவணைக்கென்று எடுத்து வைத்த பணம் இன்னொருவருடையது. அதிலிருந்து காணிக்கை போடச் சொல்ல உங்களுக்கும் உரிமையில்லை, ஐயருக்கும் இல்லை. மாற்கு 7:9-13ஐயும் பாருங்கள்: தாய் தகப்பனுக்குச் சேரவேண்டியதைக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று சொல்லி நிறுத்திவிடுவதை இயேசு கண்டிக்கிறார். பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மாமியாரின் மருந்துச் செலவு எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

அதற்காக, கடன்பட்டவர்கள் கொடுக்கவே வேண்டாம் என்றும் சொல்லிவிடாதீர்கள். 2 கொரிந்தியர் 8இல் வரும் மக்கெதோனியச் சபையார் கொடிய தரித்திரத்திலும் கொடுத்தார்கள். தாங்களே மனதாகக் கொடுத்தார்கள், யாரும் வீட்டு வாசலில் நின்று வாங்கவில்லை. நம் திருநெல்வேலிச் சபைகள் 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தங்கள் சொந்தக் காணிக்கையிலேயே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பக்கம் ஊழியரை அனுப்பின. அந்தக் காலத்துச் சபையார் ஒன்றும் பணக்காரர்கள் அல்ல.

இன்னொன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. சபைக் கமிட்டிக்கு இந்தத் தலைப்பு நினைவுக்கு வருவதே பட்ஜெட்டில் துண்டு விழும் மாதத்தில்தான். அப்போது ஒரு பயிற்சியும் கொடுக்காமல் உங்களைப் போன்ற ஒரு சகோதரியைப் பிடித்து முன்னால் நிறுத்துவார்கள். வாங்கிய பணத்துக்குக் கணக்கு வாசிப்பதைப் பற்றி யாரும் பாடம் வைப்பதில்லை. வேதம் வைத்திருக்கிறது. தர்மப்பணத்தைக் குறித்து ஒருவரும் குற்றப்படுத்தாதபடி எச்சரிக்கையாயிருக்கிறோம் என்று பவுல் எழுதுகிறார் (2 கொரி. 8:20). யூதேயாவின் அதிபதியாயிருந்த நெகேமியாவும் பண்டசாலைக்கு உண்மையுள்ளவர்கள் என்று எண்ணப்பட்டவர்களைத்தான் நியமித்தார் (13:13). இந்த இரண்டையும் வாசித்துவிட்டு, "நம் சங்கத்தின் வரவு செலவை யார் பார்க்கிறார்கள்?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பதிலை அவர்களே சொல்லட்டும்.

கேள்விகள் எல்லாம் அப்படியே, வசனத்தில் விரல் வைத்துப் பதில் சொல்லக்கூடியவையாக இருக்கட்டும். "மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள்?" என்று யாரையும் கேட்க வேண்டாம், அன்று வந்ததே தப்பு என்று சிலர் நினைத்துவிடுவார்கள். சங்கக் காணிக்கை எடுப்பது உங்கள் வழக்கமானால் பாடத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பாடம் முடிந்ததும் காணிக்கைப் பையைச் சுற்றக் கூடாது என்பதை ஐயரிடம் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.